தாளில் ஒரு பிசிறு: ஜோஸ்லின் பெல்லும் பல்சர் கண்டுபிடிப்பும்

பல்சர் என்று சொன்னதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது பைக்தான். தப்பே இல்லை. ஆனா அந்தப் பேர்ல பைக் வர்றதுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே, 1968-ல், அந்த வார்த்தை பிறந்துடுச்சு. வானத்தில் எங்கோ இருந்துகொண்டு, கடிகாரம் தோற்கும் அளவுக்குச் சீராக ரேடியோ துடிப்புகளை அனுப்பும் ஒரு வகை விண்மீனுக்கு வைத்த பெயர் அது. அதை உலகத்திலேயே முதன்முதலாகக் கவனித்தவர் 24 வயது ஆராய்ச்சி மாணவி ஒருவர். அவர் பெயர் ஜோஸ்லின் பெல். கல்யாணத்துக்குப் பிறகு ஜோஸ்லின் பெல் பர்னெல்.

இந்தக் கண்டுபிடிப்புக்காக 1974-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஜோஸ்லினுக்கு இல்லை, அவருடைய கைடுக்கு. இணையத்தில் நாம பாக்குற பதிவுகள் பெரும்பாலும் இந்த இடத்துல கோபப்பட்டு முடிஞ்சிடும். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஜோஸ்லின் தன் அனுபவத்தைப் பற்றி ஐம்பது வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால், நோபல் பரிசை விடப் பெரிய ஒரு கேள்வி அதற்குள் இருப்பது தெரியும். இன்னைக்கு எபிசோட்ல அதைத்தான் பேசப் போறோம்.

சமையல் வகுப்பா, சயின்ஸ் வகுப்பா?

ஜோஸ்லின் பிறந்தது 1943-ல், வட அயர்லாந்தில் லர்கன் என்ற ஊர்ப் பக்கம். அப்பா கட்டடக்கலை நிபுணர். ஆர்மா என்ற ஊரில் ஒரு கோளரங்கம் கட்டியபோது அதன் வடிவமைப்பில் அவருக்குப் பங்கு இருந்தது. வீட்டில் வானியல் புத்தகங்கள் இருந்தன. ஜோஸ்லினுக்கு அந்த ஆசை அங்கேதான் பற்றிக்கொண்டது.

ஆனால் பள்ளிக்கூடக் கணக்குப்படி பார்த்தால் அவர் ஒன்றும் பெரிய படிப்பாளி கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே 'லெவன் பிளஸ்' என்று ஒரு தேர்வு. பதினோரு வயதில் எழுத வேண்டும். அதில் தேறினால்தான் மேல்படிப்புக்குப் போகும் வகைப் பள்ளியில் இடம். ஜோஸ்லின் அதில் ஃபெயில்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். உயர்நிலை வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு அறிவிப்பு வருகிறது: பையன்கள் எல்லாம் அந்தப் பக்கம், பெண்கள் எல்லாம் இந்தப் பக்கம். விளையாட்டு வகுப்புக்குப் பிரிக்கிறார்கள் என்று ஜோஸ்லின் நினைத்தார். பையன்களை அனுப்பிய இடம் சயின்ஸ் லேப். பெண்களை அனுப்பிய இடம் சமையலும் வீட்டு வேலையும் கற்றுத்தரும் அறை. எதிர்த்துப் பேசிப் பார்த்தார், பள்ளியில் யாரும் காதில் வாங்கவில்லை. வீட்டில் போய்ச் சொன்னார். அப்பா அம்மா பள்ளியோடு சண்டைக்குப் போனார்கள். அவர்கள் குவாக்கர் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பெண்களைப் படிக்க வைப்பதில் அந்தப் பிரிவுக்கு ரொம்ப காலமாகவே அக்கறை உண்டு. அடுத்த முறை சயின்ஸ் வகுப்பு கூடியபோது அத்தனை பையன்களோடு மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மூன்று என்ற எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

பிறகு யார்க் நகரில் ஒரு குவாக்கர் பெண்கள் பள்ளி. அங்கே கிடைத்த நல்ல இயற்பியல் ஆசிரியர். அடுத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம். இறுதி வருடங்களில் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் ஐம்பது பேர். அதில் இவர் மட்டும் பெண். ஒரு பெண் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் விசிலடித்து, காலால் தரையைத் தட்டி, பெஞ்சைக் குத்திச் சத்தம் போடுவது அங்கே பழக்கம். முகம் சிவந்தால் சத்தம் இன்னும் கூடும். அதனால் முகம் சிவக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படித் தினமும் போய் உட்கார்ந்துதான் 1965-ல் பட்டம் வாங்கினார்.

"என்னை எப்ப வேணும்னாலும் அனுப்பிடுவாங்க"

அதே வருடம் கேம்பிரிட்ஜில் பிஎச்டிக்கு இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்ததும் அவருக்கு வந்த முதல் உணர்வு பயம். சுற்றியிருக்கிற எல்லோரும் நம்பிக்கையோடு பேசுகிறார்கள், எல்லோரும் பெரிய புத்திசாலிகளாகத் தெரிகிறார்கள். நம்மைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஒருநாள் அது தெரிந்து வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று உறுதியாக நம்பினார்.

இதுக்கு இப்ப ஒரு பேர் இருக்கு: இம்போஸ்டர் சிண்ட்ரோம். புது வேலையில் சேர்ந்த முதல் மாசத்துல உங்கள்ல பல பேருக்கு வந்திருக்கும். ஜோஸ்லின் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அனுப்பும்போது அனுப்பட்டும், அதுவரைக்கும் என்னால் முடிந்த அளவுக்கு முழுசாக உழைத்துவிடுகிறேன். அப்புறம் மனசு உறுத்தாது. இந்த முடிவுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று அவரே சொல்கிறார்.

அவருடைய கைடு ஆண்டனி ஹியூயிஷ். ஹியூயிஷின் திட்டம் ஒரு புது வகை ரேடியோ தொலைநோக்கி. தொலைநோக்கி என்றதும் பெரிய கிண்ணம் மாதிரி கற்பனை பண்ணாதீங்க. இது பார்ப்பதற்கு ஒரு கொடிக்கால் பந்தல் மாதிரி இருக்கும். கேம்பிரிட்ஜுக்கு வெளியே 4.5 ஏக்கர் நிலம். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆன்டெனாக்கள், அவற்றை இணைக்க சுமார் 190 கிலோமீட்டர் கம்பியும் கேபிளும். இதை ஐந்தாறு பேர் கொண்ட குழு இரண்டு வருடம் தங்கள் கையால் கட்டியது. ஜோஸ்லின் சம்மட்டி பிடித்துக் கம்பம் அடித்தார், கேபிள்களுக்கு முனை பொருத்தினார். படிப்பு முடியும்போது தன்னால் நன்றாகச் சம்மட்டி வீச முடிந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

எதற்காக இந்தப் பந்தல்? விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் அவ்வளவாக மினுக்காது. சின்ன வயசுல படிச்சிருப்போம். விண்மீன் ஒரு புள்ளியாகத் தெரிவதால் நம் காற்றுமண்டலம் அதன் ஒளியை ஆட்டிவிடுகிறது. ரேடியோ அலைகளிலும் இதே மாதிரி ஒன்று நடக்கிறது. சூரியனிலிருந்து இடைவிடாமல் வீசும் துகள்களுக்குச் சூரியக் காற்று என்று பெயர். மிகச் சிறியதாகத் தெரியும் ரேடியோ மூலங்கள் அந்தக் காற்றின் வழியாக வரும்போது மினுக்கும், பெரியவை மினுக்காது. குவேசார் என்ற, மிகத் தொலைவிலுள்ள பொருள்கள் மினுக்குகிற ரகம். ஆக, மினுக்குவதைத் தேடினால் குவேசார் கிடைக்கும். இதுதான் ஹியூயிஷின் யோசனை, நல்ல யோசனை. நம்ம ஊட்டிக்குப் பக்கத்துல முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. அங்கே சூரியக் காற்றை ஆராய்வதும் இதே மினுக்கலை அளந்துதான். பல்சர்களையும் அங்கே பல காலமாக ஆராய்கிறார்கள்.

தினமும் முப்பது மீட்டர் தாள்

1967 ஜூலையில் கேம்பிரிட்ஜ் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. அதை இயக்குவதும், வரும் தரவைப் பார்ப்பதும் ஜோஸ்லினின் பொறுப்பு. தரவு என்றால் ஃபைல் இல்லை. நகர்ந்துகொண்டே இருக்கும் தாளில் பேனாக்கள் கோடு போட்டுக்கொண்டே போகும். ஒரு நாளைக்குச் சுமார் 30 மீட்டர் தாள். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். வானத்தை ஒரு முறை முழுசாகப் பார்க்க நான்கு நாள். ஆறு மாதத்தில் சேர்ந்த தாளின் நீளம் 5 கிலோமீட்டர் அளவுக்கு வரும். அத்தனையையும் அவர் கண்ணால் பார்த்தார்.

கம்ப்யூட்டர் இல்லையா என்று கேட்கலாம். வேண்டுமென்றேதான் பயன்படுத்தவில்லை. புதுத் தொலைநோக்கி எப்படி நடந்துகொள்ளும் என்று இன்னும் தெரியாது. விதவிதமான குறிகளைப் பிரித்துப் பார்ப்பதில் மனிதக் கண்தான் மேல் என்று முடிவு செய்திருந்தார்கள். யோசிச்சுப் பாருங்க. குவேசாரை மட்டும் எடு, மற்றதைத் தள்ளு என்று ஒரு புரோகிராமுக்குச் சொல்லியிருந்தால், அது மற்றதைத் தள்ளியிருக்கும்.

ஜோஸ்லின் தள்ளவில்லை. சில வாரங்கள் பார்த்ததில் குவேசார் எப்படி இருக்கும், பக்கத்து ரோட்டில் போகும் வண்டியின் இடையூறு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இரண்டிலும் சேராத ஒரு சின்னப் பிசிறு மட்டும் அவ்வப்போது வந்தது. நான்கு நாள் தாளில் அது பிடித்துக்கொண்ட இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆகஸ்ட் 6-ம் தேதித் தாளிலேயே அது இருந்தது. பழைய தாள்களைப் பிரித்துப் பார்த்தார். வானத்தின் அதே இடத்திலிருந்து முன்பும் வந்திருக்கிறது. அதுவும் நள்ளிரவு வாக்கில். சூரியன் எதிர்ப்பக்கம் இருக்கும்போது மினுக்கல் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? அப்ப இது என்ன?

தாள் வேகமாக ஓடினால்தான் அந்தப் பிசிறின் உள்ளமைப்பு தெரியும் என்று அவரும் ஹியூயிஷும் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு, தினமும் அந்த இடம் தொலைநோக்கிக்கு மேலே வரும் சில நிமிடங்களுக்காக ஜோஸ்லின் நிலையத்துக்குப் போவார். வேகமான ரெக்கார்டரை ஓட விடுவார். ஒன்றும் வராது. மறுநாளும் வராது. இப்படியே வாரக்கணக்கில். ஒரே ஒரு நாள், கேட்க ஆசைப்பட்ட ஒரு உரைக்காக நிலையத்துக்குப் போகாமல் விட்டார். சரியாக அன்றைக்குத்தான் அது வந்திருந்தது.

1967 நவம்பர் 28. அன்றைக்கு வந்தது. பேனா துடிக்கிறது, நிற்கிறது, துடிக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு 1.3 விநாடி. மாறவே இல்லை.

பச்சை மனிதர்கள்

ஹியூயிஷுக்கு போன் போட்டார். அவர் சொன்ன பதில்: அப்படின்னா அது மனுஷன் பண்ற ஏதோ இடையூறுதான். அன்றைய அறிவுக்கு அது நியாயமான பதில். இவ்வளவு வேகமாகத் துடிக்கும் விண்மீனை யாரும் கண்டதில்லை. ஆனாலும் மறுநாள் அவரே வந்து நின்று பார்த்தார். துடிப்பு திரும்பவும் வந்தது.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். மனிதர்களின் வாழ்க்கை 24 மணி நேரக் கணக்கில் ஓடுகிறது. விண்மீன்கள் அப்படி இல்லை. தினமும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாகவே அதே இடத்துக்கு வந்துவிடும். ஒரு ஃபேக்டரி சங்கு என்றால் தினமும் எட்டு மணிக்குத்தான் ஊதும். இந்தத் துடிப்போ விண்மீன்களின் கணக்குப்படி வந்தது. ரேடார், செயற்கைக்கோள், பக்கத்திலிருந்த தகரக் கட்டடம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுத் தள்ளினார்கள். இன்னொரு தொலைநோக்கியிலும் அதே துடிப்பு கிடைத்தது. கருவியில் கோளாறு இல்லை என்று உறுதியானது. அது சூரியக் குடும்பத்துக்கு வெளியே, நம் பால்வீதிக்குள்ளேதான் இருக்கிறது என்று குழுவில் ஒருவரான ஜான் பில்கிங்டன் கணக்கிட்டார். இவ்வளவு ஒழுங்காக யார் சிக்னல் அனுப்புவார்கள்? பாதி விளையாட்டாக அதற்கு 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். வேற்றுக்கிரகவாசிகள் ஒரு கோளிலிருந்து அனுப்பினால், அந்தக் கோள் சுற்றுவதால் துடிப்பின் இடைவெளி கூடிக் குறையும். ஹியூயிஷ் அதைச் சோதித்தார். பூமி சுற்றுவதன் விளைவு மட்டும் தெரிந்தது, வேறு எந்த அசைவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, ஏதோ கேட்பதற்காக ஜோஸ்லின் ஹியூயிஷின் அறைக்குப் போனார். உள்ளே பெரியவர்களின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்த முடிவை உலகத்துக்கு எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்லினுக்கு அழைப்பு இல்லை. அன்று மாலை எரிச்சலோடுதான் வீட்டுக்குப் போனார். உதவித்தொகை முடியப் போகிறது, பிஎச்டியை முடிக்க வேண்டும், இந்த நேரத்தில் ஒரு பச்சை மனிதர் கூட்டம் என் ஆன்டெனாவைத்தானா பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற எரிச்சல்.

நம்மள மாதிரி ஆளா இருந்தா லீவு போட்டுட்டுத் தூங்கியிருப்போம். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் லேபுக்கு வந்து மிச்சத் தாள்களைப் பார்க்க உட்கார்ந்தார். அப்போதுதான் வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு பிசிறு கண்ணில் பட்டது. அந்த இடம் அன்று பின்னிரவில் மேலே வரும். கடும் குளிரில் நிலையத்துக்குப் போனார். குளிரில் கருவி சரியாக வேலை செய்யாது. அதன் மேல் வாயால் ஊதினார், திட்டினார். ஐந்து நிமிடம் ஓடியது. அந்த ஐந்து நிமிடம் போதும். 1.2 விநாடிக்கு ஒரு துடிப்பு. வானத்தின் இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு பச்சை மனிதர் கூட்டம் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிட வாய்ப்பில்லை. அப்படியானால் இது இயற்கையான ஒரு புது வகை விண்மீன். தாளை ஹியூயிஷின் மேசையில் வைத்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினார். திரும்பி வந்த பிறகு இன்னும் இரண்டைக் கண்டுபிடித்தார்.

பின்னர் தெரிந்த விளக்கம் இது: பெரிய விண்மீன் ஒன்று வெடித்த பிறகு மிஞ்சும் நியூட்ரான் விண்மீன்தான் பல்சர். சூரியனை விட அதிகப் பொருண்மை, சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடைந்து கிடக்கும். அது சுழலும்போது அதன் ரேடியோ கற்றை மெரினா கலங்கரை விளக்கின் வெளிச்சம் மாதிரி நம்மைக் கடந்து போகும். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நமக்கு ஒரு துடிப்பு.

மோதிரமும் நோபலும்

1968 பிப்ரவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. ஐந்து ஆசிரியர்கள், ஹியூயிஷ் முதலில், ஜோஸ்லின் இரண்டாவது. பத்திரிகைக்காரர்கள் குவிந்தார்கள். விண்மீனைப் பற்றி ஹியூயிஷிடம் கேட்டார்கள். ஜோஸ்லினிடம் கேட்டது வேறு: உங்களுக்கு எத்தனை பாய்ஃபிரண்ட், நீங்கள் இளவரசி மார்கரெட்டை விட உயரமா? போட்டோவுக்காகச் சந்தோஷமாகக் கையை வீசிக்கொண்டு ஓடச் சொன்னார்கள். அந்த விடுமுறையில்தான் அவருக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. விரலில் மோதிரத்தைப் பார்த்து வாழ்த்தியவர்கள், நான்கு பல்சர் கண்டதற்கு வாழ்த்தியவர்களை விட அதிகம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மோதிரம் போட்டாச்சு, இனி வேலையை விட்டுவிடுவாள் என்பதுதான் அந்த வாழ்த்தின் அர்த்தம். பிஎச்டி தலைப்பு குவேசார் பற்றியது என்பதால், அவருடைய ஆய்வேட்டில் பல்சர் பின்னிணைப்பாகத்தான் இடம் பெற்றது.

1974-ல் இயற்பியல் நோபல் ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும். வானியல் ஆய்வுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. ஜோஸ்லின் பெயர் விட்டுப்போனதைப் புகழ்பெற்ற வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் வெளிப்படையாகக் கண்டித்தார். ஜோஸ்லின் கண்டிக்கவில்லை. 1977-ல் வெளியான ஒரு உரையில், ஒரு ஆய்வின் வெற்றிக்கும் தோல்விக்கும் இறுதிப் பொறுப்பு கைடுக்குத்தான், மாணவர்களுக்கு நோபல் கொடுப்பது மிக அரிதான நேரங்களில்தான் சரி, என்னுடையது அப்படிப்பட்டது என்று நான் நினைக்கவில்லை என்றார்.

இதை அவருடைய பெருந்தன்மை என்று பலர் பாராட்டுவார்கள். கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். அதே 1974-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் ஹல்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய கைடு ஜோசப் டெய்லரும் ஒன்றையொன்று சுற்றும் ஜோடியில் ஒரு பல்சரைக் கண்டுபிடித்தார்கள். 1993-ல் அதற்கு நோபல் கொடுத்தபோது கைடுக்கும் மாணவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆக, மாணவர்களுக்குக் கொடுக்கவே முடியாது என்று ஒரு விதி இருந்ததில்லை. பெரியவர் ஒருவர் தலைமையில் அறிவியல் நடக்கிறது, கீழே இருப்பவர்கள் உதவியாளர்கள் என்ற பார்வை இருந்தது. ஜோஸ்லினே பின்னாளில் அதை இப்படித்தான் விளக்கியிருக்கிறார்.

பரிசு இல்லாத வாழ்க்கை எப்படி இருந்தது? கணவருக்கு அரசு வேலை, அடிக்கடி மாற்றல். 1973-ல் மகன் பிறந்தான். போகிற ஊரில் கிடைத்த வேலை, பல வருடங்கள் பகுதிநேர வேலை. ரேடியோவிலிருந்து காமா கதிர், எக்ஸ் கதிர், அகச்சிவப்பு என்று துறை மாறி மாறிப் போனார். அப்படியே நகர்ந்து 1991-ல் ஓப்பன் யுனிவர்சிட்டியில் பேராசிரியர் ஆனார். பிறகு ராயல் வானியல் கழகத்தின் தலைவர், எடின்பரோ ராயல் சொசைட்டியின் முதல் பெண் தலைவர். 2021-ல் காப்லி பதக்கம்.

மூன்று மில்லியன் டாலர்

2018-ல் அவருக்குச் சிறப்பு பிரேக்த்ரூ பரிசு கிடைத்தது. மூன்று மில்லியன் டாலர். முழுத் தொகையையும் அவர் கொடுத்துவிட்டார். இயற்பியலில் பிஎச்டி படிக்க வரும் பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் போன்றவர்களுக்கான உதவித்தொகை நிதி அது. பிரிட்டனின் இயற்பியல் நிறுவனம் அதை நடத்துகிறது.

அதற்கு அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன பெரிய கேள்வியாக நினைக்கிறேன். நான் கேம்பிரிட்ஜில் சிறுபான்மை, அங்கே இருக்கத் தகுதியில்லை என்று பயந்துகொண்டே இருந்தேன், அதனால்தான் ஒரு பிசிறைக்கூட விடாமல் பார்த்தேன். வெளியிலிருந்து வருபவர்கள் புது விஷயங்களைக் கொண்டு வருவார்கள் என்கிறார்.

இதைக் கேட்டு, "குறைச்சு மதிப்பிட்டா நல்லதுதான், அப்பதான் வெறியோட உழைப்பாங்க" என்று யாராவது சொல்லிவிடக் கூடாது. இப்பதான் அந்த மூன்று என்ற எண் தேவை. லர்கன் பள்ளியில் சயின்ஸ் வகுப்புக்குத் திரும்பியவர்கள் மூன்று பெண்கள். மற்றவர்கள் சமையல் அறையிலேயே இருந்தார்கள். அவர்களும் உழைத்திருப்பார்கள், அவர்களுக்கும் பொறுமை இருந்திருக்கும். அவர்கள் எதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்ல நம்மிடம் ஒரு தாளும் இல்லை. விடாமுயற்சி ஜோஸ்லினிடம் இருந்தது உண்மை. அந்த விடாமுயற்சிக்கு ஒரு தொலைநோக்கி கிடைத்ததற்கு, ஒரு வீட்டில் அப்பா அம்மா எழுந்து பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டதும் காரணம். அப்படிச் சண்டை போட ஆள் இல்லாதவர்களுக்காகத்தான் அந்த மூன்று மில்லியன் டாலர் போயிருக்கிறது.

உங்க ஆபீஸ்லயோ காலேஜ்லயோ புதுசா சேர்ந்த ஒருத்தர் வந்து, "இதுல ஏதோ பொருந்தாம இருக்குங்க"ன்னு சொன்னா, அடுத்த தடவை ஒரு அஞ்சு நிமிஷம் அந்தத் தாளை வாங்கிப் பாருங்க. அந்தப் பொருந்தாம இருக்கிறதைப் பார்த்தது நீங்கதான்னா, பழைய தாள்களையும் எடுத்து வச்சுக்கிட்டு தைரியமா போய்ச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.